மோட்டார்ஹோமில் முதல் உலகப் போர் நினைவிடங்கள்: ஈப்பர் முதல் சோம் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் லண்டனுக்கு வெளியே இருக்கிறோம். ஆறரை மீட்டர் நீளத்தில் பழைய மோட்டார்ஹோம் ஒன்று வைத்திருக்கிறோம், அதில் இதுவரை நாலு முறை பெல்ஜியம், வட பிரான்ஸ் பக்கம் முதல் உலகப் போர் நடந்த இடங்களுக்குக் குடும்பத்தோடு போய் வந்தாயிற்று. சொந்தக்காரர்கள், வேலையிடத்து நண்பர்கள், ஊரிலிருந்து வரத் திட்டம் போடுகிறவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விடுமுறைக்குப் போய் யாராவது கல்லறை பார்ப்பார்களா?

எங்கள் அத்தை கேட்டது. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் வாசலிலேயே காலைக் கழுவிக்கொண்டு, குளித்த பிறகுதான் எதையும் தொடும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் வரும், அதில் தப்பில்லை. ஆனால் சண்டையில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, அவன் பேரையும் அவன் செய்ததையும் அதில் வெட்டி வைத்து, அந்தக் கல்லுக்குப் பூச்சூட்டியவர்களும் நாம்தானே. நடுகல் முன்னால் நிற்பதை யாரும் தீட்டாக நினைத்ததில்லை. இங்கே இருப்பதும் அதுதான்: ரோஜாச் செடிகளுக்கு நடுவே, ஒரே உயரத்தில், வரிசை வரிசையாகப் பேர் வெட்டிய கற்கள். அத்தை மூன்றாவது பயணத்தில் எங்களோடு வந்தார். ஒவ்வொரு கல்லாக நின்று வயதைப் படித்துக்கொண்டே போனார், 19, 20, 22 என்று. அன்று சாயங்காலம் வரை அதிகம் பேசவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? எத்தனை நாள் வேண்டும்?

ஏழு நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். கலேயில் இறங்கி ஈப்பர், அங்கே இரண்டு இரவு. அப்புறம் தெற்கே நெவ் ஷப்பெல், அதிலிருந்து அராஸ் நகரத்துக்கு வடக்கே இருக்கிற விமி மேடும் நோத்ர டாம் த லொரெட் குன்றும், கடைசியாக ஆல்பேர் ஊரை மையமாக வைத்து சோம் பகுதி. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம்தான். நாலு நாள்தான் லீவு என்றால் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எட்டு இடம் என்று ஓடினால் எல்லாக் கல்லும் ஒன்றாகத் தெரியும்.

ஒரு விஷயம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஈப்ர என்று சொல்லும் ஊருக்கு அங்குள்ள சாலைப் பலகையில் ஈப்பர் என்றுதான் போட்டிருக்கும். அதே மாதிரி பெல்ஜியத்தின் அந்தப் பகுதியில் லீல் நகரத்துக்கு வழிகாட்டும் பலகையில் ரைசல் என்று இருக்கும். முதல் தடவை இது தெரியாமல் ஒரு ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினோம்.

கார், ஹோட்டல் என்று போனால் போதாதா?

போதும், பலர் அப்படித்தான் போகிறார்கள். மோட்டார்ஹோமில் என்ன லாபம் என்றால், நேரம் உங்கள் கையில் இருக்கும். சுற்றுலா பஸ்கள் பத்து மணிக்கு மேல் வந்து நாலரைக்குள் கிளம்பிவிடும். காமன்வெல்த் (பிரிட்டனும் அதன் பேரரசில் இருந்த நாடுகளும்) போர்க் கல்லறைகளுக்கு டிக்கெட் கிடையாது, பெரும்பாலானவை எந்த நேரமும் திறந்தே இருக்கும். விடிகாலையில் டீ போட்டுக் குடித்துவிட்டு ஈப்பர் பக்கத்து டைன் காட் போய்ப் பாருங்கள். உலகத்திலேயே பெரிய காமன்வெல்த் போர்க் கல்லறை அது. கிட்டத்தட்ட 12,000 கற்கள், அவற்றில் 8,300க்கும் மேல் பேர் தெரியாதவர்களுடையவை. பின் சுவரில் உடலே கிடைக்காத ஏறக்குறைய 35,000 பேரின் பெயர்கள். பனி விலகும் நேரத்தில் ஆள் இல்லாமல் அந்தச் சரிவைப் பார்ப்பதும், ஐம்பது பேர் செல்ஃபி எடுக்கும்போது பார்ப்பதும் ஒன்றாகாது.

இந்தியர்கள் அங்கே சண்டை போட்டார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே மாதக் கடைசியில் இந்தியப் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. வெயில் காலத்துக்குத் தைத்த உடுப்போடு வந்தவர்கள், அக்டோபரிலேயே ஈப்பர் பக்கத்துச் சேற்றில் நின்றார்கள். அக்டோபர் 31 அன்று ஹொலபேக் என்ற இடத்தில் குதாதாத் கான் காட்டிய வீரத்துக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது, இந்தியச் சிப்பாய்களில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர். 1915 ஏப்ரலில் ஈப்பருக்கு வடக்கே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்களே, அடுத்த சில நாளில் அந்தப் பக்கம் முன்னேற அனுப்பப்பட்டவர்களில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷனும் உண்டு. முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

1915 மார்ச் 10 முதல் 13 வரை நெவ் ஷப்பெல் சண்டை. தாக்கிய படையில் ஏறக்குறைய பாதி இந்தியர்கள். கார்வால் ரைஃபிள்ஸைச் சேர்ந்த கபர் சிங் நேகி முதல் நாளே விழுந்தார், விக்டோரியா கிராஸ் அவர் இறந்த பிறகு கொடுக்கப்பட்டது. அந்த ஊர் ஓரத்தில், லா போம்ப் என்ற நாற்சந்தியில், 1927 அக்டோபரில் திறந்த இந்திய நினைவிடம் இருக்கிறது. வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். வட்டமான மதில், அதில் ஒரு பாதி சல்லடை போலத் துளைத் துளையாகச் செதுக்கிய கல், நடுவில் சுமார் 15 மீட்டர் தூண், தலையில் தாமரை, இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் கல் புலிகள். பிரான்ஸ், பெல்ஜியம் போர்முனையில் செத்து, கல்லறை என்று ஒன்று இல்லாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள், தொழிலாளர் படையினரின் பெயர்கள் சுவர் முழுக்க. கபர் சிங் நேகியின் பெயரும் அதில் உண்டு.

நாங்கள் போன நாலு தடவையும் அங்கே எங்களைத் தவிர அதிகம் போனால் இரண்டு பேர். ஈப்பரில் தினமும் நூற்றுக்கணக்கில் கூடுகிறார்கள், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவு செய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பெரிய பார்க்கிங் எதிர்பார்க்க வேண்டாம், வண்டியை ஊருக்குள் விட்டுவிட்டு நடப்பது நல்லது. பக்கத்திலேயே போர்ச்சுகல் வீரர்களின் கல்லறையும் இருக்கிறது, 1,800க்கும் மேல் கற்கள்.

இது முடிந்துபோன கதையும் இல்லை. சில வருடங்களுக்கு முன் அந்தப் பகுதியில் மண்ணைத் தோண்டியபோது கார்வால் ரைஃபிள்ஸ் வீரர்கள் இருவரின் எச்சங்கள் கிடைத்தன. 2017 நவம்பரில் பக்கத்து ஊரான லாவண்டியில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

தமிழ்ப் பெயர்கள் இருக்குமா?

நெவ் ஷப்பெல் சுவரில் அதிகமாகப் பார்ப்பது பஞ்சாபி, கார்வாலி, பட்டாணியர், கூர்க்காப் பெயர்கள்தான். போர் வீர இனங்கள் என்று சில சமூகங்களை மட்டும் பொறுக்கி எடுத்த ஆங்கிலேயக் கொள்கையால் அதற்கு முன்பே சென்னை மாகாணத்து ரெஜிமெண்டுகளை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படை மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இருந்தது.

அங்கேதான் மனசு கனத்துப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஈராக்கில் பாஸ்ரா நினைவிடம் கட்டியபோது ஆங்கிலேயர்களின் பெயர்களை வெட்டினார்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் வாரியாக எண்ணிக்கை மட்டும். 2021இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: முதல் உலகப் போரில் செத்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பேரோடு நினைவுகூரப்படவே இல்லை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், எல்லோரும் சமம் என்ற கொள்கையோடு 1917இல் தொடங்கிய ஆணையம் அது. பிரான்சில் அந்தச் சமத்துவத்தைப் பார்க்கும்போது அது உண்மையிலேயே பெரிய காரியமாகத்தான் தெரிகிறது, அதனால்தான் மற்ற இடங்களில் விட்டுப்போனது இன்னும் வலிக்கிறது. நெவ் ஷப்பெல்லில் நின்று அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள், உச்சரிப்பு தப்பினாலும் பரவாயில்லை.

மெனின் கேட் நிகழ்ச்சிக்கு முன்பதிவு வேண்டுமா?

வேண்டாம், கட்டணமும் இல்லை. ஈப்பரில் தினமும் இரவு 8 மணிக்கு மெனின் கேட் என்ற நினைவு வளைவுக்கு அடியில் போக்குவரத்தை நிறுத்தி, தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர்கள் பியூகிள் ஊதுவார்கள். 1928இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இங்கே நின்றது, 1944 செப்டம்பரில் போலந்துப் படை ஊரை மீட்ட அன்று சாயங்காலமே மறுபடி ஊதினார்கள். 54,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அந்த வளைவில், அவற்றில் நூற்றுக்கணக்கான இந்தியப் பெயர்களும் உண்டு. ஏழேகாலுக்குப் போய் நின்றால் இடம் கிடைக்கும். முடிந்ததும் கை தட்டக் கூடாது. மலர்வளையம் வைக்க ஆசை என்றால் நடத்தும் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும்.

ஊர் விளையாட்டு மைதானத்தை ஒட்டி ஒரு கேம்ப் சைட் இருக்கிறது, மோட்டார்ஹோம்களுக்கும் இடம் உண்டு, அங்கிருந்து நடந்தே வந்துவிடலாம்.

வண்டி எவ்வளவு பெரியது எடுக்கலாம்? லைசென்ஸ்?

பிரிட்டிஷ் கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரை ஓட்டலாம். 1997க்கு முன்னால் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்குத்தான் பொதுவாக அதற்கு மேல் உரிமை இருக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் எடையை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தண்ணீர், அரிசி மூட்டை, குக்கர், சைக்கிள், ஐந்து பேர் என்று ஏற்றினால் 3,500 சீக்கிரம் தாண்டிவிடும். பிரான்சில் 3,500க்கு மேற்பட்ட வண்டிக்கு, ஓட்டுநர் கண்ணில் படாத பக்கங்களை எச்சரிக்கும் ஸ்டிக்கர்களும் ஒட்ட வேண்டும்.

நீளம் ஏழு மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. சோம் பகுதியில் பல சின்னக் கல்லறைகளுக்கு வயல் நடுவே டிராக்டர் பாதைதான். ஒரு அக்டோபரில் ஜிபிஎஸ் சொன்னதை நம்பி பீட்ரூட் வயலுக்கு இடையே போய்ப் பின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. வயல்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரே விதிதான், தேவாலயம் பக்கம் வண்டியை நிறுத்து, மீதித் தூரம் சைக்கிள் அல்லது நடை.

பார்க்கிங் வாசலில் இரண்டு மீட்டர் உயரக் கம்பி போட்டிருக்கிறார்களா என்று நுழையும் முன் பாருங்கள்.

கடலைத் தாண்டுவது?

டோவரிலிருந்து கலேக்கு ஃபெர்ரி ஒன்றரை மணி நேரம், சுரங்க ரயில் 35 நிமிடம். எல்பிஜியில் ஓடும் வண்டியைச் சுரங்க ரயிலில் ஏற்ற மாட்டார்கள், சமையல் கேஸ் பரவாயில்லை, மூடி வைத்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். வண்டியில் யுகே ஸ்டிக்கர், பளபளக்கும் மேலங்கி, எச்சரிக்கை முக்கோணம் மூன்றும் இருக்கட்டும். கலேயிலிருந்து டன்கர்க் வழியாக லீல் போகும் நெடுஞ்சாலைக்குச் சுங்கம் இல்லை, ரெய்ம்ஸ் பக்கம் போகும் ஏ26க்கு உண்டு. மூன்று மீட்டரைத் தாண்டிய உயரம் என்றால் கட்டணப் பிரிவு கூடும்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாமா?

பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பாலில் செய்ததும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கோழிக் குழம்பு, தயிர், பனீர், நெய் எதுவும் ஆகாது. அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள், புளி எல்லாம் எடுத்துப் போங்கள், பாலும் கோழியும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் அங்கே தயிர் ஒரு டப்பா வாங்கி உறை ஊற்றினால் வாரம் முழுக்க ஓடும். மீன் வறுப்பதைக் கேம்ப் சைட்டில் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாள் மெத்தையில் வாசம் இருக்கும்.

இரவு எங்கே தங்குவது? கல்லறை பார்க்கிங்கிலேயே தூங்கலாமா?

வேண்டாம். பெல்ஜியத்தில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் இரவு தங்கலாம். பிரான்சில் பல சின்ன ஊர்களில் ஏர் என்று மோட்டார்ஹோம் நிறுத்தம் வைத்திருக்கிறார்கள், சில இலவசம், சிலவற்றுக்குச் சின்னக் கட்டணம். தண்ணீர் பிடிக்கவும், பாத்திரம் கழுவிய தண்ணீரை விடவும், டாய்லெட் கேசட்டைக் காலி செய்யவும் அங்கே வசதி இருக்கும். இந்த வேலைகளை வேறு எங்கேயும் செய்யாதீர்கள், கல்லறைக் குழாயில் டேங்க் நிரப்புவது உட்பட. அந்தத் தண்ணீர் செடிகளுக்கு. ஆல்பேரில் கேம்ப் சைட் உண்டு, சோம் முழுக்க அங்கிருந்து பார்க்கலாம்.

சோமில் எதைத் தவறவிடக் கூடாது?

தியெப்வால் நினைவிடம். 1916 ஜூலை 1, ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் செத்தவர்கள், காயப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து 57,470 பேர், அவர்களில் 19,240 பேர் செத்தவர்கள். சோமில் காணாமல் போன 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அந்தச் செங்கல் வளைவுகளில். வடிவமைத்தவர் லட்யன்ஸ், டெல்லி இந்தியா கேட்டைக் கட்டியவரும் அவரே, பார்த்தவுடன் அந்தச் சாயல் தெரியும். லொக்நாகர் பள்ளம் அன்று காலை 7.28க்கு வெடித்த சுரங்க வெடி உண்டாக்கியது, அகலம் சுமார் 100 மீட்டர். போமோன் ஹமெலில் நியூஃபவுண்ட்லாந்து படையின் பதுங்குகுழிகள் இன்னும் புல் மூடிக் கிடக்கின்றன. அன்று சுமார் 800 பேர் தாக்கப் போனார்கள், மறுநாள் ஆள் கணக்கெடுத்தபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர்.

ஜெர்மன் கல்லறைகளுக்கும் போக வேண்டுமா?

கட்டாயம். லாங்கமார்க்கில் 44,000க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் ஒரே பொதுக்குழியில். கருவாலி மரங்களுக்குக் கீழே தரையோடு தரையாகக் கற்கள், கடைசியில் தலை குனிந்து நிற்கும் நாலு வெண்கல உருவங்கள். எங்கள் மகள் அங்கே கேட்டாள், இவர்களுக்கும் 19 வயதுதானா என்று. ஆமாம்.

லொரெட் குன்றில் 2014இல் திறந்த நினைவு வளையத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நாடு, பதவி எதுவும் இல்லாமல், அகர வரிசையில் ஏறக்குறைய 5,80,000 பெயர்கள். சிங் என்ற பெயருக்குப் பலகை பலகையாக இடம் போயிருக்கிறது.

குழந்தைகளுக்குப் பயமாக இருக்காதா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் சரி. விமியில் கனடா நாட்டு இளைஞர்கள் சுரங்கப் பாதைக்குள் கூட்டிப்போய் விளக்குவார்கள், அது பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும். அங்கே வேலி போட்ட இடத்தில் ஆடுகள் மேயும், வெடிக்காத குண்டுகள் மண்ணில் இருப்பதால் புல் வெட்டும் மெஷின் விட முடியாது. இதைச் சொன்னாலே போர் எவ்வளவு காலம் மண்ணில் இருக்கும் என்று அவர்களுக்கு விளங்கிவிடும். வயல் ஓரத்தில் துருப்பிடித்த இரும்பு எதுவானாலும் தொடக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். உழவர்கள் ஒவ்வொரு வருடமும் குண்டுகளை எடுத்துச் சாலையோரம் வைக்கிறார்கள், இன்னமும் வெடிக்கக் கூடியவை.

விளக்கு, சூடம் ஏற்றலாமா?

நாங்கள் நெருப்பு ஏற்றுவதில்லை. பூ போதும்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். நவம்பர் 11 ஈப்பரிலும், ஜூலை 1 தியெப்வாலிலும், ஏப்ரல் 25 ஆஸ்திரேலியர்களின் வில்லெர் ப்ரெத்தொன்னிலும் சாலை மூடுவார்கள், மோட்டார்ஹோமோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வெர்டனையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் மோதிய அந்த இடம் தனிப் பயணம். பேர் தெரியாத சுமார் 1,30,000 பேரின் எலும்புகள் இருக்கும் துவோமோன் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றாது.

ஒரு குறிப்பிட்ட ஆளை எப்படித் தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், ரெஜிமெண்ட், நாடு போட்டுத் தேடலாம். கல்லறை அல்லது சுவரின் எண் வரை வரும். இந்தியப் பெயர்களை அன்று கேட்டபடி எழுதி வைத்திருப்பதால் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அங்கே போன பிறகு வாசல் பக்கத்துச் சுவரில் சின்ன வெண்கலக் கதவு இருக்கும், அதற்குள் பதிவேடும் வருகைப் புத்தகமும் வைத்திருப்பார்கள். கல்லின் அடியில் இருக்கும் வரி குடும்பத்தார் சொன்னது, அதிகபட்சம் 66 எழுத்து, எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் என்று அப்போது கேட்டார்கள். நாங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றிக் கிடைத்ததைப் படித்துக்கொண்டு, அந்தக் கல்லைத் தேடிப் போகிறோம். வருகைப் புத்தகத்தில் தமிழில் எழுதுகிறோம்.

ஐரோப்பாவுக்கு வர வசதியில்லை, ஊரில் ஏதாவது இருக்கிறதா?

சென்னை நந்தம்பாக்கத்தில், பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், மதராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. அதே ஆணையம் பராமரிப்பது, அதே மாதிரிக் கற்கள், பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் செத்தவர்கள். முதல் போரில் இறந்து, இந்தியாவில் பல ஊர்களில் புதைத்த, இன்று கல்லறையைப் பராமரிக்க முடியாத ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் அங்கே ஒரு நினைவிடத்தில் இருக்கின்றன. காலையில் வெயில் ஏறும் முன் போங்கள், வாசலில் புத்தகம் இருந்தால் எழுதிவிட்டு வாருங்கள்.